இந்த வருஷம் முளைக்காதவை

“எத்தனை மாசம் ஆகும்?” என்று கேட்டான் தேசோப்.

“மாசமா? பதினஞ்சு வருஷம்ங்க.”

“ஐயோ! அதுக்குள்ள எனக்கு முடியெல்லாம் கொட்டிடும்.”

“பாதி இப்பவே கொட்டியாச்சு. மிச்சப் பாதிக்குத்தான் காத்திருக்கணும்.”

“உருளைக்கெழங்கு போட்டா மூணே மாசத்துல கைக்கு வந்துடும் ஓக்ரான்.”

“அதை உங்க சொந்தக்காரங்க அத்தனை பேரும் போட்டிருக்காங்க. இதை ஒருத்தரும் போடல. குச்சியைச் சும்மா ஆட்டிட்டு இருக்காம குழியைப் போடுங்க.”

அவன் சிரித்துக்கொண்டே முட்டி போட்டு, குச்சியால் மண்ணில் குத்திக்கொண்டு போனான். பின்னாலேயே ஓக்ரான் குழிக்கு ஒன்றாக, மருந்துக்கு ஆகும் ஜின்செங் வேரின் விதையைப் போட்டு, கருவாலி மரத்தின் உதிர்ந்த இலைகளை மேலே இழுத்து மூடிக்கொண்டு போனாள். மாலைக்குள் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது. இறங்கும்போது அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். யார் யாரைத் தாங்கிக்கொண்டார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

அது நடந்து பன்னிரண்டு வருஷம் ஆயிற்று. இத்தனை வருஷத்தில் ஓக்ரான் அந்தப் பேச்சை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். இன்று காலை மலைக்கு ஏறும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டாள்.

மேலே மண் தோண்டும் இயந்திரம் வந்து நின்றிருந்தது.

மலை தாக் குலத்துக்குப் பொதுச் சொத்து. உச்சிக்குச் சற்றுக் கீழே, வெயில் விழும் முகத்தில், ஏழு தலைமுறைக் கல்லறைகள் பச்சைப் புல் மேடுகளாக வரிசையாக இருந்தன. அவற்றுக்கு இடப்பக்கம், வடகிழக்கைப் பார்த்த நிழல் சரிவு. கருவாலியும் ஊசியிலை மரமும் கலந்த அந்தச் சரிவைக் குலத்தில் யாரும் ஒரு பொருட்டாக மதித்ததில்லை. “சும்மா கிடக்கறதுதானே, எதையாவது போட்டுக்கோ” என்று பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு பெரிய மாமா மன்ஹோ கையை வீசிச் சொன்னார். குலத்தின் தலைவர் அவர். தேசோப்பின் அப்பாவுக்கு அண்ணன். எட்டு வயதில் அப்பாவை இழந்த தேசோப்பைப் படிக்க வைத்து, லாரி ஓட்டக் கற்றுக்கொடுத்து, கல்யாணமும் செய்து வைத்தவர் அவர்தான். இன்று தேசோப் பள்ளத்தாக்குக் கிராமங்களுக்கு ஓடும் பேருந்தின் ஓட்டுநர். பேருந்தில் யாராவது கிழவியை இடித்துத் தள்ளினால் வண்டியை நடுவழியில் நிறுத்திச் சண்டை போடுவான். பெரியப்பா எதிரில் உட்கார்ந்தால் மட்டும் அவன் கண் தன் கிண்ணத்தை விட்டு நகராது.

ஓக்ரானுக்கும் அவனுக்கும் மகள் பிறந்தபோது பெரிய மாமா வந்து பார்த்து, “பரவாயில்ல, அடுத்ததாவது பையனாப் பொறக்கட்டும்” என்றார். தேசோப் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்தான். பாயில் படுத்திருந்த ஓக்ரானுக்கு அப்போது அவனிடம் ஒன்று கேட்க வேண்டும்போல இருந்தது. கேட்கவில்லை. வளர்த்தவர், அவனுக்கு எத்தனை சங்கடமோ என்று விட்டுவிட்டாள். அதற்குப் பிறகும் பல தடவை, திதிச் சாப்பாட்டின்போது, கல்யாண வீட்டில், கூடத்தில் ஆண்கள் உட்கார்ந்து முடிவெடுக்கும்போது அடுப்படி வாசலில் நின்றபடி, அந்த ஒன்று தொண்டை வரைக்கும் வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எச்சிலோடு விழுங்கினாள்.

முதல் தடவை அவள் ஜின்செங் போட்டது இந்தச் சரிவில் அல்ல, வீட்டுக்குப் பின்னால். கோழி எருவை வாரிக் கொட்டினாள். இரண்டே வருஷத்தில் வேர் முள்ளங்கிபோல ஊதியது. ஊரில் எல்லாரும் மெச்சினார்கள். மூன்றாவது வருஷ மழையில் தோண்டிப் பார்த்தால் கையில் கூழாக வந்தது. சாப்பாட்டை நிறைய போட்டுக் கெடுத்துவிட்டோம் என்று அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. சரிவில் போட்டதற்கு ஒரு பிடி எரு வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றவில்லை. முதல் வருஷம் ஒரு காம்பில் மூன்றே இலை. இரண்டாம் வருஷமும் அதே மூன்று. தேசோப் குனிந்து பார்த்து, “என்ன இது, போன வருஷத்து போட்டோவா?” என்றான். மூன்றாம் வருஷம் விரித்த கைபோல ஐந்து இலை. அப்படியே இரண்டு வருஷம். ஆறாம் வருஷம் காம்பு இரண்டாகப் பிரிந்தது. பத்தாம் வருஷம் சில செடிகளில் மூன்றாகப் பிரிந்து, நடுவில் ஒரு கொத்துச் சிவப்புப் பழம் வந்தது. அன்றைக்கு அவள் அவனை வேலைக்குப் போகும் வழியில் மறித்து, பேருந்தை நிறுத்தச் சொல்லி, மலைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். பேருந்தில் இருந்த நான்கு கிழவிகளும் கூடவே ஏறி வந்து பார்த்தார்கள்.

அந்தச் சரிவில் அவள் வேலி போடவில்லை. பலகை வைக்கவில்லை. இங்கே ஜின்செங் இருக்கிறது என்று பலகை வைப்பதும் திருடனுக்குக் கடிதம் போடுவதும் ஒன்று. நடுவில் முளைத்த பெரணி, முள், காட்டுப் புல் எல்லாவற்றையும் அப்படியே விட்டாள். வேண்டுமென்றே விட்டாள். தெரியாதவன் பார்த்தால் களை மண்டிய காடு. அவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருந்தாள்.

போன வருஷம் ஆறாம் மாசம், கல்லறைப் புல்லை வெட்டக் குலத்து ஆண்கள் நகரங்களிலிருந்து வந்தார்கள். கிச்சோலும் வந்திருந்தான். பெரிய மாமாவின் கடைசி மகன், இன்சோன் நகரத்தில் டயர் கடை வைத்திருக்கிறவன். புதிதாக வாங்கிய புல்வெட்டி இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். கல்லறைகளை வெட்டி முடித்த பின்னும் அவனுக்கு ஆசை அடங்கவில்லை. முன்னோர்களுக்குப் பக்கத்தில் இத்தனை களையா என்று சரிவுக்குள் இறங்கி, பள்ளம் வரை மொட்டையடித்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்று, “அண்ணி, பக்கத்துக் காட்டையும் சேத்துச் சுத்தம் பண்ணிட்டேன், ஒரு கிண்ணம் கள் தாங்க” என்றான்.

அவள் ஓடினாள். சரிவு முழுக்கப் பச்சை வாசனை. ஒரு காம்பு மிச்சமில்லை.

அன்று பிற்பகல் முழுக்க தேசோப் அவளோடு முட்டி போட்டு, வெட்டுப்பட்ட அடிகளை ஒவ்வொன்றாகத் தேடி இலை போட்டு மூடினான். அவன் கண் சிவந்திருந்தது. மாலையில் பெரிய மாமா வீட்டுக் கூடத்தில் அதே கையால் கிச்சோலின் கிண்ணத்துக்கு அரிசிக் கள் ஊற்றினான். “தெரியாமப் பண்ணிட்டான், விடு” என்றார் பெரிய மாமா. “சரிங்க பெரியப்பா” என்றான் தேசோப்.

வெட்டியதை அவள் மன்னித்துவிட்டாள். அந்த ‘சரிங்க’வைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இந்த வசந்தத்தில் சரிவில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அடுத்த மலையில் ஜின்செங் கையை விரித்து நின்றபோது அவளுடைய சரிவில் பெரணி மட்டும் சுருள் அவிழ்த்தது. செத்துவிட்டது என்று ஊரே சொன்னது. ஓக்ரான் மட்டும் ஒரு காலை தனியாக ஏறிப் போய், குப்புறப் படுத்து, ஓர் இடத்தில் இலையை விலக்கி, விரல் நுனியால் மண்ணைத் துளித் துளியாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு மூடிவிட்டு, வீட்டுக்கு வந்து, மூன்று கிண்ணம் சோறு சாப்பிட்டாள். தேசோப் பயந்துபோனான்.

“தூங்குது” என்றாள் அவனிடம். “அடிபட்டா ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ மேல வராம உள்ளேயே இருக்கும். வெளிய வந்தா உயிர் போயிடும்னு அதுக்குத் தெரியும்.”

“எத்தனை நாளைக்கு?”

“அது அதோட இஷ்டம்.”

ஆனால் இந்த வருஷம் சந்திரக் கணக்கில் ஒரு மாசம் கூடுதல். அந்தக் கூடுதல் மாசத்தில் தெய்வங்களும் ஆவிகளும் கண்ணை மூடிக்கொள்ளும். அப்போதுதான் கல்லறையைத் தொடலாம், எலும்பை எடுக்கலாம், இடம் மாற்றலாம். ஒரு குற்றமும் வராது. ஏழு தலைமுறைக் கல்லறைகளையும் எடுத்து, எல்லார் அஸ்தியையும் ஒரே கல் மண்டபத்தில் வைத்துவிடுவது என்று குலம் முடிவு செய்தது. புல் வெட்டப் பிள்ளைகள் இனி வரமாட்டார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மண்டபத்துக்கு இடம், நிழல் சரிவு. ‘அங்க இருந்தது செத்துப்போச்சே’ என்றார்கள். இந்தக் கூடுதல் மாசத்தை விட்டால் அடுத்தது வர மூன்று வருஷம் ஆகும்.

அந்தக் கூட்டத்தில் மருமகள்களுக்குப் பேச இடமில்லை. தேசோப்புக்கு இருந்தது. அவன் போய்விட்டு வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து, “முடிவாயிடுச்சு ஓக்ரான்” என்றான்.

அதனால்தான் இன்று அவள் மலைக்கு வந்தாள்.

மலைத் தெய்வத்துக்குப் படையல் வைத்தாகிவிட்டது. பாயின்மேல் உலர்ந்த மீன், பேரிக்காய், மூன்று கிண்ணம் மது. இது முடிந்தால் இயந்திரம் மண்ணைத் தொடலாம். வெள்ளைக் கையுறை போட்ட பத்துப் பன்னிரண்டு ஆண்கள் நின்றிருந்தார்கள். பெரிய மாமா கைத்தடியை ஊன்றி முன்னால் நின்றார். கடைசி வரிசையில், இயந்திரத்துக்குப் பக்கத்தில், பேருந்து ஓட்டுநர் சட்டையிலேயே தேசோப்.

“அண்ணி, சாப்பாடு இப்பவே வந்துடுச்சா?” என்றான் கிச்சோல்.

“இல்ல தம்பி. நான் மட்டும்தான் வந்திருக்கேன்.”

பெரிய மாமா திரும்பினார். “என்ன மருமகளே?”

“இந்த இடத்தைத் தோண்டக் கூடாது பெரிய மாமா. இதுங்க சாகல.”

யாரோ சிரித்தார்கள். கிச்சோல் கழுத்தைச் சொறிந்துகொண்டே முன்னால் வந்தான். “அண்ணி, நான் வெட்டினது தப்புதான், நூறு தடவை மன்னிப்புக் கேட்டுட்டேன். அதுக்காக வெறும் மண்ணைக் காட்டி உயிரோட இருக்குன்னா எப்படி? எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்.”

“காட்டறேன். செருப்பைக் கழட்டிட்டு வா.”

“எதுக்கு?”

“நீ மிதிச்சிட்டு நிக்கறியே, அதுக்குக் கீழதான் இருக்கு.”

அவன் சட்டென்று பின்னால் குதித்தான். இந்தத் தடவை எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓக்ரான் முட்டி போட்டாள். இலைகளை ஒதுக்கி, விரல் நுனியால் மண்ணைத் தள்ளினாள். அவசரப்படவில்லை. பெரிய மாமா கைத்தடியை இரண்டு தடவை மாற்றிப் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாக, சுண்டு விரலைவிட மெல்லிய, வளைந்த வேர்க்கழுத்து ஒன்று மண்ணுக்குள் தெரிந்தது. அதன் மேல் வரிசையாகச் சிறு பள்ளங்கள்.

“எண்ணு தம்பி.”

கிச்சோல் குந்தி உட்கார்ந்து எண்ணினான். “பத்து... பதினொண்ணு... பன்னிரண்டு.”

“வருஷத்துக்கு ஒரு காம்பு. காம்பு உதிர்ந்த எடத்துல ஒரு தழும்பு. பன்னிரண்டாவது நீ வெட்டினது. இப்போ நுனியைப் பாரு.”

கழுத்தின் நுனியில், அரிசி மணி அளவு, வெள்ளையாக ஒரு மொட்டு. அழுகவில்லை, சுருங்கவில்லை, இறுக்கமாக மூடிக்கொண்டிருந்தது.

கிச்சோல் வாயைத் திறந்தபடி பார்த்தான். “அப்பா, இங்க வந்து பாருங்க. நெசமாவே இருக்கு.” பிறகு, “ஆனா அண்ணி, பன்னிரண்டு வருஷத்துல இவ்வளவுதானா? என் விரல் இதைவிடப் பெரிசா இருக்கு.”

“உன் விரலை யாரும் கஷாயம் வெச்சுக் குடிக்க மாட்டாங்க.”

“அதுவும் சரிதான்” என்று அவன் சிரித்தான்.

பெரிய மாமா வந்து குனிந்து பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். அவர் நியாயம் தெரியாதவர் அல்ல என்பது ஓக்ரானுக்குத் தெரியும். அவர் நிமிர்ந்தார்.

“சரி, உயிரோடதான் இருக்கு. ஒத்துக்கறேன். எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டுப் போய் உன் வீட்டுக்குப் பின்னால நட்டுக்கோ. ரெண்டு நாள் தரேன்.”

“மயிரிழை மாதிரி வேர் பெரிய மாமா. ஒண்ணு அறுந்தாலும் தாங்காது. தூங்கற நேரத்துல பிடுங்கினா செத்துடும்.”

“அதுக்கு நான் என்ன பண்ண?”

“அடுத்த கூடுதல் மாசம் வரைக்கும் விடுங்க. மூணு வருஷம். அதுக்குள்ள எந்திரிச்சிடும்.”

“மூணு வருஷமா? எனக்கு எண்பத்தி ரெண்டு வயசு ஆகுது. கண்ணை மூடறதுக்குள்ள என் அப்பனை நல்ல எடத்துல வெச்சிட்டுப் போகணும். ஒரு செடிக்காகப் பாட்டன் முப்பாட்டனெல்லாம் காத்திருக்கணுமா?”

“அவங்க எரநூறு வருஷமாப் பொறுமையாத்தானே படுத்திருக்காங்க. மூணு வருஷத்துல எந்திரிச்சு ஓடிடுவாங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. கிச்சோல்கூட. கல்லறைகளின் பக்கமிருந்து காற்று வந்து படையல் பாயின் ஓரத்தைத் தூக்கியது. ஒருவர் அவசரமாக அதை அமுக்கிப் பிடித்தார்.

“வாயைப் பாத்துப் பேசு” என்றார் பெரிய மாமா. குரல் தாழ்ந்துவிட்டது. கத்துவதைவிட அது மோசம். “இடம் குலத்தோடது. போட்டுக்கோன்னு சொன்னதும் நான்தான், இப்போ எடுன்னு சொல்றதும் நான்தான்.”

“போட்டுக்கோன்னு சொன்னீங்க. போட்டேன். அது பதினஞ்சு வருஷத்துப் பயிர்னு தெரிஞ்சுதானே சொன்னீங்க? பன்னிரண்டாவது வருஷம் உங்க பிள்ளை தலையை வெட்டினான். நான் ஒரு வார்த்தை பேசல. இப்போ வேரையும் வெட்டறேன்னு வந்து நிக்கறீங்க. மண்ணுக்குள்ள உயிரோட இருக்கறதைத் தூக்கிப் போட்டுட்டு, அந்த எடத்துல செத்தவங்களை வெக்கறதுதான் நல்ல எடமா? இந்த மாசம் தெய்வம் கண்ணை மூடிக்கும், சரி. எனக்குக் கண்ணு தெறந்துதான் இருக்கு.”

இப்படிப் பேசியது தன் வாய்தானா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மண்ணைத் தள்ளி மொட்டை மூடி, மேலே இலையை இழுத்துவிட்டாள். பிறகு அதற்குப் பக்கத்தில், இயந்திரத்துக்கு எதிரே, சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

இயந்திரத்தின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினான். “அம்மா, எனக்குப் பன்னிரண்டு மணிக்குக் கீழ ஒரு கால்வாய் வேலை இருக்கு.”

“போய்ட்டு வாங்க தம்பி. நான் எங்கேயும் ஓடிட மாட்டேன்.”

அவன் பெரிய மாமாவைப் பார்த்தான். பெரிய மாமா ஓக்ரானைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் பின்னால் திருப்பினார்.

“தேசோப்.”

“சொல்லுங்க பெரியப்பா.”

“உன் பொண்டாட்டியக் கீழ கூட்டிட்டுப் போ.”

கூட்டம் விலகி வழி விட்டது. அவன் வந்தான். மூன்று நாளாகச் சவரம் செய்யாத முகம். கண் தரையில். ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தான். இலைகளுக்கு நடுவே எங்கே கால் வைக்கலாம், எங்கே கூடாது என்று அவனுக்கும் தெரியும். குழி போட்டவன் அவன்தானே. அவளுக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றான். கையை நீட்டினான்.

“வா ஓக்ரான்” என்றான், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில். “வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்.”

வீட்டில் அவன் எல்லாம் பேசுவான். குளிரில் வெடித்த அவள் விரல்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, நீ சொன்னதுதான் சரி, பெரியப்பா பண்ணினது அநியாயம், என்னால என்ன பண்ண முடியும் என்பான். அவள் அவன் தலையைத் தடவிவிடுவாள். இருபத்து மூன்று வருஷம் அப்படித்தான் போயிற்று. அந்த அன்பில் ஒரு குறையும் கிடையாது. ஆனால் அது அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டி ஒரு நாளும் வெளியே வந்ததில்லை.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிடித்தால் எழுந்துவிடுவாள் என்று அவளுக்கே தெரியும். பிடிக்கவில்லை.

“அவங்க என்ன சொன்னாலும் நான் எந்திரிக்க மாட்டேன்” என்றாள். “நீங்க சொன்னா எந்திரிச்சிடுவேன். அதனால சொல்லாதீங்க.”

“ஓக்ரான்...”

“உங்களை வளர்த்தவர். அவரை எதுத்துப் பேசுங்கன்னு நான் கேக்கல. ஒரு நாளும் கேக்க மாட்டேன்.”

“பின்ன நான் என்னதான் பண்ணணும்?” அவன் குரல் உடைந்தது. “நீயே சொல்லு.”

அவன் இப்படிக் கேட்டது இதுதான் முதல் தடவை. பின்னால் பெரிய மாமாவின் கைத்தடி கல்லில் ஒருமுறை தட்டியது. அத்தனை ஆண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓக்ரான் தன் பக்கத்தில், வேர் எதுவும் இல்லாத ஒரு சிறு இடத்தில், கையால் இலைகளைச் சமப்படுத்தினாள். பிறகு தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“ஏங்க, எல்லாரும் பாக்கறப்போ, ஒரே ஒரு தடவை, இங்க என் பக்கத்துல வந்து உக்காருங்க.”